காந்தமலையும் கப்பல் ஆணியும்: திருவண்ணாமலை இரும்பின் கதை

திருவண்ணாமலைக்கும் பாய்மரக் கப்பலுக்கும் என்னய்யா சம்பந்தம்? நியாயமான கேள்விதான். ஊர்ல இருந்து கடல் சுமார் 100 கிலோமீட்டர். கிரிவலப் பாதையில சாமியார் பார்க்கலாம், வெள்ளைக்காரங்க பார்க்கலாம், மயில் கூடப் பார்க்கலாம். நங்கூரம் பார்க்க முடியாது.

ஆனா மரக்கலம்னு ஒண்ணு மிதக்கணும்னா மூணு பொருள் வேணும். மரம், கயிறு, இரும்பு. மரம் காட்டுல இருந்து வரும், இரும்பு மலையில இருந்து வரும். கடற்கரையில இருக்கறது மணலும் ஆளும்தான். கப்பல் வரலாறு எழுதறவங்க எல்லாரும் துறைமுகத்துலயே நின்னு எழுதறாங்க. ஒரு மாறுதலுக்கு நாம உள்நாட்டுல, ஒரு கொல்லுப்பட்டறை வாசல்ல நின்னு பார்ப்போமே.

ஆணி இல்லாத கப்பல்

முதல்ல ஒரு விஷயம். நம்ம கரையில ரொம்ப காலத்துக்கு ஆணியே இல்லாமத்தான் படகு கட்டினாங்க. கட்டுமரம் தெரிஞ்ச கதை. பேர்லயே கட்டு இருக்கு. மெட்ராஸ் கரையில ஓடின மசூலா படகுல பலகையோட பலகையைத் தென்னங்கயிறால தைச்சாங்க. துணி தைக்கிற மாதிரியே, துளை போட்டு, இடையில வைக்கோலோ புல்லோ அடைச்சு, இழுத்துக் கட்டறது. மெட்ராஸ்ல ஒழுங்கான துறைமுகம் வர்ற வரைக்கும் கவர்னரா இருந்தாலும் கடைசி அரை மைல் இந்தத் தையல் படகுலதான் நனைஞ்சுகிட்டே வந்து இறங்கணும்.

ஏன் ஆணி அடிக்கலை? இதுக்கு ஒரு சூப்பர் கதை இருக்கு. இரண்டாம் நூற்றாண்டுல தாலமி தன் புவியியல் நூல்ல எழுதறார்: இலங்கைக்கு அப்பால மணியோலைன்னு பத்துத் தீவு இருக்காம். இரும்பாணி அடிச்ச கப்பல் அங்க போனா நகராதாம், காந்தக்கல் பிடிச்சுக்குமாம். அதனால மரமுளை வெச்சுக் கட்டறாங்களாம். 11ஆம் நூற்றாண்டு போஜராஜன் பேர்ல வழங்கற யுக்திகல்பதரு நூலும் இதே பாட்டைப் பாடுது: கடல்ல போற கப்பலோட பலகையை இரும்பால பிணைக்காதே, காந்தம் இழுத்துடும். அரபுக் கதைகள்லயும் காந்தமலை வரும். கிட்டப் போனா ஆணியெல்லாம் பிடுங்கிக்கிட்டுப் பறக்கும், கப்பல் பலகை பலகையா உதிரும்.

கதை கேட்க நல்லாருக்கு. நிஜக் காரணம் ரொம்ப சாதாரணம். சோழமண்டலக் கரையில அலை நேரா வந்து மணல்ல மோதும். ஆணியடிச்ச விறைப்பான படகு அந்த அடியில விரிஞ்சு போகும். தைச்ச படகு வளைஞ்சு கொடுக்கும். தவிர இரும்பு விலை அதிகம், கயிறு விலை கம்மி. கயிறு போனா மீனவரே மறுபடி தைச்சுப்பார், கொல்லனைத் தேட வேண்டாம்.

மார்கோ போலோ 13ஆம் நூற்றாண்டுல ஹோர்முஸ்ல தையல் கப்பலைப் பார்த்துட்டு, மட்டமான கப்பல், இதுல ஏறினா ஆபத்துன்னு திட்டிட்டுப் போனார். அந்த மட்டமான கப்பல்கள்தான் ஆயிரம் வருஷத்துக்கு மேல இந்துமாக்கடல் வியாபாரத்தை நடத்திச்சு :-)

ஆணி வந்த பிறகு

சரக்கு பெருசாச்சு, கப்பல் பெருசாச்சு, போர்த்துக்கீசியர்ல ஆரம்பிச்சு ஒவ்வொருத்தரா வந்தாங்க. பெரிய கலங்கள்ல ஆணி தவிர்க்க முடியாததாச்சு. பலகை இடுக்குல பஞ்சும் நாரும் அடைச்சு நீர் புகாம பண்றதுக்கு நம்மாளுங்க வெச்சிருக்கிற பேர் கலப்பத்து. அது அரபியில தொடங்கிப் போர்த்துக்கீசு வழியா ஊர் ஊரா சுத்தின சொல். குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசறதும் அதோட சேர்ந்த வேலை.

இப்ப கொல்லர் உள்ள வர்றார். மரக்கப்பலுக்கு இரும்பு வேலைன்னா கடையில போய் ரெண்டு கிலோ ஆணி வாங்கறது இல்லை. ஒரு மரக்கலம் மாதிரி இன்னொண்ணு இருக்காது. மரம் எப்படி வளைஞ்சு வளர்ந்துச்சோ அப்படித்தான் வங்குக்கால் அமையும். அதனால ஒவ்வொரு சாமானும் அந்தக் கப்பலுக்குன்னே அடிக்கணும்.

சுக்கானை எடுத்துக்குங்க. அது கதவு மாதிரி கீல்ல தொங்கணும். கப்பல் பின்கம்பத்துல வளையம் உள்ள பட்டைகள், சுக்கான்ல முளை உள்ள பட்டைகள். பின்கம்பம் மேலே தடியா, கீழே மெல்லிசா, ரெண்டு பக்கமும் வேற வேற சரிவா இருக்கும். ஆக, ஒவ்வொரு பட்டையோட ரெண்டு காலும் எவ்வளவு விரியணும்னு மெல்லிய பலகையில வெட்டி அச்சு எடுத்துட்டு வந்து, அதுக்கு ஏத்த மாதிரி காய்ச்சி வளைக்கணும். எல்லா வளையத்தோட நடுவும் ஒரே நூல்ல நிக்கணும். அரை விரல் விலகினாக்கூட சுக்கான் இறுகிப்போய், புயல்ல திரும்ப வேண்டிய நேரத்துல திரும்பாது. முளைகள்ல ஒண்ணை மட்டும் கொஞ்சம் நீளமா விடுவாங்க. தண்ணியில ஆடற கப்பல்ல சுக்கானை மாட்டும்போது எல்லா முளையையும் ஒரே நேரத்துல நுழைக்கறது பிரம்மப் பிரயத்தனம். நீள முளை முதல்ல உட்கார்ந்துட்டா மத்தது தானா வழிக்கு வரும். யார் கண்டுபிடிச்சான்னே தெரியாத இந்த மாதிரி புத்திசாலித்தனத்துக்குத்தான் நான் அடிமை.

ஆணியிலயும் அதே மாதிரிதான். உளி மாதிரி தட்டின முனை. அந்த முனையோட அகலம் மரத்தோட ரேகைக்குக் குறுக்கா போகணும். ரேகை வாக்குல போட்டா பலகை பிளந்துடும். முதல்ல ஆணியை விடச் சின்னதா துளை போடணும். தலைக்கு அடியில எண்ணெயில ஊறின நாரைச் சுத்தி அடிச்சா தண்ணி கசியாது. ஆணி மறுபக்கம் வந்ததும் ஒரு வளையத்தகடு போட்டு நுனியைத் தட்டி மடக்கணும். தமிழ்ல இதுக்குத் தறையறதுன்னு அழகான சொல்லே இருக்கு. கப்பல்ல ஆயிரக்கணக்குல இப்படித் தறைஞ்ச ஆணிகள். ஒவ்வொண்ணையும் ஒரு மனுஷன் உலையில காய்ச்சி, சம்மட்டியால அடிச்சு செஞ்சிருக்கான்.

எந்த மரம், எந்த உலோகம்

இரும்புக்கும் மரத்துக்கும் பொருத்தம் பார்க்கணும். ஜாதகம் மாதிரிதான். ஐரோப்பாவோட ஓக் மரத்துல இருக்கிற அமிலம் இரும்பாணியை அரிக்கும். துரு திரும்ப மரத்தையே கருக வைக்கும். ஆணியும் போச்சு, பலகையும் போச்சு. தேக்குல எண்ணெய் இருக்கு, ஆணியை அரிக்காது. பம்பாய்ல வாடியா குடும்பத்தார் மலபார் தேக்குல கட்டின கப்பல்களுக்கு அவ்வளவு மவுசு வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். 1817ல பம்பாய்ல வெள்ளோட்டம் விட்ட டிரிங்கோமலீ (நம்ம திருகோணமலை பேர்தான்) போர்க்கப்பல் இன்னமும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் ஊர்ல மிதந்துகிட்டு இருக்கு.

உலோகத்துக்கும் உலோகத்துக்கும் பொருத்தம் இல்லேன்னா இன்னும் மோசம். 1761ல பிரிட்டிஷ் கடற்படை, கப்பல் அடியில புழு துளைக்காம இருக்க அலார்ம்னு ஒரு கப்பலுக்குச் செப்புத் தகடு போர்த்திச்சு. புழு வரலை, பாசி பிடிக்கலை, ஒரே குஷி. 1763ல தகட்டைக் கழட்டிப் பார்த்தா இரும்பாணிகள்ல நிறைய களிமண் மாதிரி ஆகியிருந்துச்சு. ஆனா சில ஆணி மட்டும் புதுசாட்டம் பளபள. ஏன்னா, செப்புத் தகடு சுத்தி வந்த பழுப்புக் காகிதத்தை அந்த இடத்துல யாரோ சோம்பேறித்தனமா எடுக்காம விட்டிருந்தாங்க. செம்பும் இரும்பும் உப்புத்தண்ணியில தொட்டுக்கிட்டா மின்கலம் மாதிரி ஆகி இரும்பு கரையும். காகிதம் நடுவுல இருந்ததால தப்பிச்சது. அப்புறம்தான் செம்பு கலந்த ஆணிகளுக்கு மாறினாங்க. கெமிஸ்ட்ரி வாத்தியார் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தா நானும் ரெண்டு மார்க் கூட வாங்கியிருப்பேன்.

ஹீத் துரையின் உலை

இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

காந்தமலை கடல் நடுவுல இல்லை மக்களே, இங்க இருக்கு. திருவண்ணாமலை பக்கத்துல கவுத்திமலை, வேடியப்பன் மலை. சேலம் பக்கத்துல கஞ்சமலை. மூணுலயும் இருக்கறது மேக்னடைட், அதாவது காந்தக்கல் ரகத்து இரும்புத்தாது. தாலமி சொன்ன கல்லேதான், இடம்தான் மாறிப்போச்சு. இந்த ஜில்லாக்கள்ல ஆளுயர மண் உலை கட்டி, ஆட்டுத்தோல் துருத்தி ஊதி, கரி போட்டு இரும்பு எடுக்கற வேலை காலம் காலமா நடந்தது. 1800, 1801ல தென்னாட்டைச் சுத்தின பிரான்சிஸ் புக்கானன் இந்த மாதிரி உலைகளைப் பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்கார்.

சேலத்துல கம்பெனி உத்தியோகத்துல இருந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். இந்த இரும்பைப் பார்த்து மயங்கி, 1825ல வேலையை விட்டார். 1830ல பரங்கிப்பேட்டையில பெரிய உலை போட்டார். சேலத்துத் தாதுவை பரிசல்கள்ல ஏத்திக் காவிரி, கொள்ளிடம் வழியா இறக்கிக் கொண்டுவந்தாங்க. நினைச்சுப் பாருங்க, ஒரு மலையைக் கூடையில அள்ளி ஆத்துல விடற வேலை! ரெண்டாவது உலையை 1833ல மலபார் கரையில பேப்பூர்ல வெச்சார். உரு என்கிற பெரிய மரக்கலங்கள் கட்டற அதே பேப்பூர்.

பரங்கிப்பேட்டை இரும்பு ஷெஃபீல்டு வரைக்கும் போய் நல்ல பேர் வாங்கிச்சு. வேல்ஸோட மெனாய் பாலமும் பிரிட்டானியா பாலமும் இந்த இரும்புலதான் கட்டினாங்கன்னு பெருமையா எல்லாரும் எழுதுவாங்க. கொஞ்சம் பொறுங்க. மெனாய் தொங்குபாலம் 1826லயே திறந்தாச்சு. பரங்கிப்பேட்டை உலை பத்த வெச்சதே 1830ல. பிறக்காத பிள்ளை கல்யாணத்துக்கு மொய் எழுத முடியாது. 1850ல திறந்த பிரிட்டானியாவுக்கு வேணா காலக்கணக்கு ஒத்துவரும்.

ஹீத் பிறகு ஷெஃபீல்டுல 1839ல மாங்கனீஸ் சேர்த்து எஃகு செய்யற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். எஃகு விலையே இறங்கிச்சு. ஆனா மத்த ஆலைக்காரங்க அதே சரக்கைத் தனித்தனியா மூசையில போட்டு, இது வேற முறைன்னு சாதிச்சாங்க. வழக்கு வழக்குன்னு அலைஞ்சு 1851ல மனுஷன் போய்ச் சேர்ந்தார். 1855ல பிரபுக்கள் சபை எதிராளி பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு.

1853ல 4 லட்சம் பவுண்டு மூலதனத்தோட ஈஸ்ட் இண்டியா அயர்ன் கம்பெனின்னு புதுசா ஒண்ணு கிளம்பிச்சு. அவங்க உள்நாட்டுலயே, தாதுவுக்குப் பக்கத்துலயே ரெண்டு உலை வெச்சாங்க. ஒண்ணு கோயம்புத்தூர் ஜில்லா காவிரிக் கரையில புலாம்பட்டி. இன்னொண்ணு தென்னாற்காட்டில் திருவண்ணாமலை. (அப்ப நம்ம ஊர் தென்னாற்காடு, 1911ல வடஆற்காட்டோட சேர்த்தாங்க, தனி மாவட்டம் ஆனது 1989ல.)

ஆகக்கூடி, திருவண்ணாமலையில் ஐரோப்பிய பாணி ஊதுலை எரிஞ்சிருக்கு! எத்தனை வருஷம்? 1858ல ரெண்டையும் கைவிட்டுட்டாங்க. அஞ்சு வருஷம்கூட முழுசா இல்லை. பரங்கிப்பேட்டை 1866ல அணைஞ்சது, பேப்பூர் 1867ல. கம்பெனி 1874ல கலைஞ்சே போச்சு.

ஆணிக்கு எத்தனை மரம்?

ஏன் அணைஞ்சது? தாது தீரலை. கரி தீர்ந்தது.

கணக்குப் போடுங்க. நாலஞ்சு டன் விறகைச் சுட்டா ஒரு டன் கரி. ஒரு டன் இரும்பு உருக்க சிக்கனமா ஊதினாலும் ரெண்டு மூணு டன் கரி. அப்ப ஒரு டன் இரும்புக்கு எட்டுல இருந்து பதினஞ்சு டன் விறகு. இது ஊதுலைக் கணக்கு. நம்ம பழைய மண் உலைக்கு இன்னும் கூட ஆகும். ஆனா மண் உலைக்காரர் தனக்கும் ஊருக்கும் வேண்டியதை மட்டும் உருக்கினார். காடு வளர்ந்து ஈடு கொடுத்துச்சு. கம்பெனி உலை இரவு பகலா எரியணும், அணைச்சா நஷ்டம். தரிசு நிலக் காட்டுல விறகு வெட்டிக்க சர்க்கார் சலுகையே கொடுத்திருந்தும் பத்தலை. வண்டி நாளுக்கு நாள் இன்னும் தூரம் போக வேண்டியிருந்துச்சு. கரி வண்டிக் கூலியே உலையைத் தின்னுடுச்சு.

அதே நேரம் இங்கிலாந்துல நிலக்கரியில உருக்கின மலிவு இரும்பு கப்பல் கப்பலா வந்து இறங்கிச்சு. கம்பெனி மட்டும் படுக்கலை, ஆட்டுத்தோல் துருத்தியும் படுத்துச்சு. 19ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள உருக்கறவர் பெரும்பாலும் காணாமப் போய், அடிக்கிறவர் மட்டும் மிஞ்சினார். கொல்லர் கையில சீமை இரும்பு. மலை அங்கேயே நிக்குது, ஆனா ஊர் ஆணிக்கும் மலைக்கும் உறவு அறுந்துபோச்சு.

மலையை எல்லாரும் மறந்துடலை. 2000களில் கவுத்தி, வேடியப்பன் மலைகளில் சுரங்கம் வெக்க அரசு நிறுவனமும் ஜிண்டால் குழுமமும் சேர்ந்து திட்டம் போட்டாங்க. முந்நூறு ஹெக்டேருக்கு மேல காட்டு நிலம். சுத்துப்பட்டு ஜனங்க மலையும் தண்ணியும் சாமியும் போயிடும்னு எதிர்த்து நின்னாங்க. அடுத்த பத்தாண்டுலயும் பேச்சு மறுபடி எழுந்து, மறுபடி எதிர்ப்பு. 1858ல காட்டுக்கு வாய் இல்லை, அதனால தீர்ந்துபோய்தான் பதில் சொல்லிச்சு. இந்தத் தடவை ஆளுங்க முன்கூட்டியே வாய் திறந்தாங்க. இரும்பே வேண்டாம்னு சொல்ற கட்சி இல்லை நான், இந்தப் பதிவே இரும்பைப் புகழ்ந்துதான். ஆனா விலைச்சீட்டுல மரத்தையும் எழுதிட்டுப் பேசணும். அவ்வளவுதான்.

கடலுக்குப் போன சாமான்கள்

இரும்பு அடிக்கறவர் மிஞ்சினார்னு சொன்னேன் இல்லையா, அவர் கைவேலையோட தரத்துக்கு ஒரு சாட்சி. 1930ல யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில வேப்பமரத்துல கட்டின பாய்க்கப்பல் அன்னபூரணி அம்மாள். 89 அடி நீளம். 32 அடிப் படகுல உலகம் சுத்தி வந்த அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் இதைப் பார்த்து மயங்கி வாங்கி, மனைவி பேரையே வெச்சு, வல்வெட்டித்துறை மாலுமிகளோட அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1938 ஆகஸ்ட்ல மாசசூசெட்ஸ் குளோஸ்டர் துறைமுகத்துல போய் நின்னுச்சு. செங்கடல், மத்தியதரைக்கடல், அட்லாண்டிக், அத்தனையும் தாண்டி! குளோஸ்டரும் பாய்க்கப்பல் கட்டற ஊர்தான். அங்க வேலை தெரிஞ்சவங்க கண்ணு முன்னால நம்ம மேஸ்திரி வேலை போய் நின்னுது.

இன்னொரு சாட்சி இன்னும் பழசு. 1836 வாக்குல நியூசிலாந்தில் வில்லியம் கோலன்சோ என்கிற பாதிரியார், மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்துல கிழங்கு வேகவைக்கறதைப் பார்த்தார். கவுத்துப் பார்த்தா அது உடைஞ்ச கப்பல் மணி. சுத்தி எழுத்து, தமிழ் எழுத்து! முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி, அப்படின்னு. புயல்ல சாய்ஞ்ச ஒரு பெரிய மரத்தோட வேர்ல கிடைச்சதுன்னு அவங்க சொன்னாங்களாம். இப்ப வெலிங்டன்ல தே பாப்பா அருங்காட்சியகத்துல இருக்கு.

யோசிச்சுப் பார்த்தா, அதுவும் ஒரு கப்பலுக்குன்னே செஞ்ச சாமான்தான். ஒருத்தர் போய் பட்டறையில, "என் பேரைப் போட்டு, என் கப்பலுக்கு ஒரு மணி வாரும்"னு சொல்லியிருக்கார். அந்தக் கப்பல்ல இருந்த ஆணி, நங்கூரம், சுக்கான் கீல் எல்லாம் என்னைக்கோ துருவா மண்ணோட போயிருக்கும். வெண்கலமா இருந்ததால மணி பிழைச்சது. பேர் வெட்டியிருந்ததால ஆள் தெரியுது.

இரும்புக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது. கொல்லர் ஆணியில பேர் வெட்டறதில்லை. துரு பிடிச்சா செய்தவனும் போயிடறான், செய்த விதமும் போயிடுது. எஞ்சறது சொல் மட்டும்தான், தறைதல், கலப்பத்து மாதிரி. தூத்துக்குடி, கடலூர், பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம், வல்வெட்டித்துறை பக்கத்துச் சொந்தங்களே, உங்க வீட்டுப் பெரியவங்க தோணியோட இரும்புச் சாமான் ஒவ்வொண்ணுக்கும் என்ன பேர் சொல்வாங்க? சுக்கான் கீலுக்கு, ஆணித்தலையில சுத்தற நாருக்கு, நுனியில போடற வளையத்தகட்டுக்கு? கேட்டு, பின்னூட்டத்துல போட்டு வைங்க. ஊரோட பேரையும் சேர்த்து எழுதுங்க. துரு பிடிக்காத இடத்துல அதுங்க கொஞ்ச நாள் இருக்கட்டும்.